பேசாமல் ஆடிய பத்தொன்பது நாள்

அந்த வருஷம் புனேயில் எங்கே போனாலும் ஒரே பாட்டுதான். சினிமாப் பாட்டில்லை, இந்திப் பாப் பாட்டு. இரண்டு இளைஞர்கள் தாங்களே எழுதித் தாங்களே பாடியது. தொலைக்காட்சியில் ஓர் ஓட்டை ஜீப்பின் மேல் உட்கார்ந்து, தலைமுடி பறக்கப் பாடிக்கொண்டு போவார்கள். சிநேகத்தைப் பற்றிய பாட்டு. ஊரே அந்தப் பக்கம் நின்றாலும் நான் உன் பக்கம் நிற்பேன், கண்ணை மூடிக்கொண்டு விழு, பிடிக்க நான் இருக்கிறேன் என்கிற மாதிரி வரும். தாபோடி ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் விற்கிறவர் அதைக் கேட்டுக்கொண்டேதான் எண்ணெயில் வடையைத் திருப்பிப் போடுவார். பிம்ப்ரிக்குப் போகிற ஆறுசீட்டு ரிக்‌ஷாவில் என்ஜின் சத்தத்தையும் மீறி அது அலறும். காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதற்குள் நாலு தடவை காதில் விழுந்துவிடும்.

எனக்குப் பதினொரு வயது. அந்தப் பாட்டு எனக்காகவும் மேதாவுக்காகவும் எழுதப்பட்டது என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே கிடையாது. பாடியவர்களுக்கு நாங்கள் இருப்பது தெரியாது என்பது ஒரு சின்னக் குறைதான்.

மேதா எதிர்வீட்டுப் பெண். என் அப்பாவுக்கு ராணுவப் பொறியியல் கல்லூரியில் சிவிலியன் வேலை. அதனால் அதன் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸில் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்திருந்தது. எங்கள் கதவைத் திறந்தால் நேரே அவர்கள் கதவு. நடுவில் நாலடி அகல வராந்தா. அதைத் தாண்டுவதற்கு நாங்கள் இருவரும் செருப்புப் போட்டுக்கொண்டதே இல்லை. நான் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிற பகல் ஷிப்ட், அவள் மராத்திப் பள்ளிக்கூடத்தில் காலை ஷிப்ட். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை ஒன்றாகவே இருப்போம். இந்தியும் மராத்தியும் கலந்து ஒரு பாஷை பேசுவோம். கெட்ட வார்த்தைக்கு மட்டும் தமிழ். அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மேதாவின் அம்மாவை நான் மாவ்ஷி என்பேன். மராத்தியில் சித்தி. கொஞ்சம் தள்ளியிருந்த பால்வாடியில் அவர் டீச்சர். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த அம்மாவுக்கு இந்தியில் எண்களைக் கற்றுக்கொடுத்தது, எந்த பஸ் எங்கே போகும் என்று சொன்னது, கொத்தமல்லியைக் கொசுறாகக் கேட்டு வாங்கும் உரிமை எல்லாப் பெண்களுக்கும் உண்டு என்று புரியவைத்தது எல்லாம் மாவ்ஷிதான். அம்மா அவரைத் தாயி என்று கூப்பிடுவாள். மராத்தியில் அக்கா. இது தெரியாத என் தாத்தா, அம்மா எழுதிய கடிதத்தில் ‘எதிர்வீட்டுத் தாயி’ என்று படித்துவிட்டு, யாரோ வயதான அம்மாள் மகளைப் பார்த்துக்கொள்கிறாள் என்று ஒரு வருஷம் நிம்மதியாக இருந்தார்.

கணபதி விழாவின் ஐந்தாம் நாள் எங்கள் காலனியில் பிள்ளைகள் நிகழ்ச்சி நடக்கும். அதை நடத்துகிறவர் மூன்றாம் மாடி ஆன்ட்டி. அவர் வீட்டில் பெரிய டேப்ரிக்கார்டர் இருந்ததால் அந்தப் பொறுப்பு தானாகவே அவருக்கு வந்துவிட்டது. நானும் மேதாவும் அந்தப் பாட்டுக்கு ஆடுவதாகப் பெயர் கொடுத்தோம். கேசட்டை அவளுடைய அப்பா வாங்கித் தந்தார். ஆட்டத்தை நாங்களே அமைத்தோம். அதில் மிக முக்கியமான இடம், ‘விழு, பிடிக்க நான் இருக்கிறேன்’ என்று வருகிற இடம். நான் மேதாவுக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, உடம்பை வளைக்காமல் மரம் மாதிரி பின்னால் சாய வேண்டும். தலை தரையில் படுவதற்குள் அவள் இரண்டு கையாலும் என்னைத் தாங்க வேண்டும். முதல் நாளே சரியாக வந்தது. பத்துத் தடவை விழுந்தேன், பத்துத் தடவையும் பிடித்தாள். பதினோராவது தடவை தேவையே இல்லாமல் விழுந்தேன். விழுவது அவ்வளவு சுகமாக இருந்தது.

அதற்கு மறுநாள் அம்மாவுக்கும் மாவ்ஷிக்கும் சண்டை வந்தது.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். படிக்கட்டுக்குக் கீழே இருவரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு என்று சொல்ல முடியாது. மாவ்ஷியின் குரல் பால்வாடியில் முப்பது பிள்ளைகளை அடக்குகிற குரல். அம்மாவின் குரல் மெல்ல ஆரம்பித்து இந்தியில் வார்த்தை கிடைக்காமல் தமிழுக்குப் போய்விட்டது. என் காதில் தெளிவாக விழுந்தது ஒரே ஒரு சொல். மாவ்ஷி அம்மாவைப் பார்த்து, “டர்போக்!” என்றார். பயந்தாங்கொள்ளி. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். எதிர்க்கதவும் சாத்திக்கொண்டது. இரண்டு கதவும் பகலில் சாத்தி நான் பார்த்ததே கிடையாது.

“ஏட்டி, இங்க வா,” என்றாள் அம்மா. முகம் சிவந்து கிடந்தது. “இனிமே அந்த வீட்டு வாசல்ல ஒன் காலப் பாத்தேன், முறிச்சுப்புடுவேன். அந்தப் பிள்ளகிட்ட ஒரு வார்த்த பேசக் கூடாது. கேட்டுச்சா?”

“டான்ஸும்மா?”

அம்மா யோசித்தாள். பெயர்களை ஏற்கெனவே நோட்டீஸ் போர்டில் ஒட்டியாகிவிட்டது. இப்போது பின்வாங்கினால் மூன்றாம் மாடி ஆன்ட்டி ஏன், எதற்கு என்று மாடிக்கு மாடி விசாரிப்பார். சண்டை போட்டவள் என்ற பெயரைவிட அந்த விசாரணைதான் அம்மாவுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

“ஆடுத டான்ஸ ஆடு. ஆடும்போது என்னத்துக்குப் பேச்சு? காலும் கையுந்தான ஆடணும்,” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் மூன்றாம் மாடி ஹாலில் மேதாவைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. அவளுக்கும் அதே தீர்ப்புதான் கிடைத்திருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு டேப்ரிக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படியாக நட்பைப் பற்றிய பாட்டுக்கு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நாங்கள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தோம். மூன்றாம் மாடி ஆன்ட்டிக்கு ஒரே ஆச்சரியம். மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு, “பாருங்கள், எவ்வளவு ஒழுங்கு! வந்தோமா, ஆடினோமா, போனோமா என்று இருக்கிறார்கள்,” என்று எங்களை உதாரணம் காட்டினார். எங்களுக்கு நடுவிலிருந்த மௌனத்தை அவர் பயிற்சி என்று நினைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது. கண்ணாலும் கையாலும் பேசிக்கொண்டோம். சண்டைக்கு என்ன காரணம் என்று சைகையிலேயே விசாரணை நடந்தது. மேதா ஒரு கிண்ணத்தைக் காற்றில் வரைந்து, அதைக் கவிழ்த்துக் காட்டினாள். அவர்கள் வீட்டில் பலகாரம் வைத்துக் கொடுத்தனுப்பிய பாத்திரத்தை அம்மா வெறுமனே திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்பது அவள் கட்சி. நான் சுவரில் விரலால் ஊர்ந்து காட்டி, பிறகு பயந்து நடுங்குவதுபோல் செய்தேன். அம்மாவுக்குப் பல்லி என்றால் உயிர் போய்விடும். மாவ்ஷி பயந்தாங்கொள்ளி என்று சொன்னது அதைத்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஒரு பல்லிக்காக என் அம்மாவை இப்படிச் சொல்லலாமா? யோசிக்க யோசிக்க எனக்குக் கோபம் வந்தது. மேதாவுக்கும் அந்தக் கிண்ணத்தை நினைத்து நினைத்துக் கோபம் ஏறியிருக்க வேண்டும். நாலாம் நாளிலிருந்து சைகையும் நின்றுபோயிற்று.

அதற்கப்புறம் நிஜமாகவே பேசாமல் இருந்தோம். கையைக் கோத்துச் சுற்றுகிற இடத்தில் அவள் நகம் என் உள்ளங்கையில் பதியும். நான் என் பங்குக்கு அவள் காலை மிதிப்பேன். சுற்றி முடித்ததும் இருவரும் பாவாடையில் கையைத் துடைத்துக்கொள்வோம்.

வீட்டில் அம்மா மாவ்ஷியின் பேச்சையே எடுப்பதில்லை. ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் காலையில் பத்து மணிக்குத்தான் தண்ணீர் வரும், பதினொன்றுக்கு நின்றுவிடும். அந்த நேரத்தில் மாவ்ஷி பால்வாடியில் இருப்பார், மேதா பள்ளிக்கூடத்தில். அதனால் அவர்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். அவர்களுடைய டிரம்மையும் அம்மாதான் நிரப்பிவைப்பாள். சண்டைக்குப் பிறகும் பத்து மணியானால் அம்மா அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டைத் திறந்து, டிரம்மைக் கழுவி நிரப்பி, மூடிவைத்துவிட்டு வந்தாள்.

“அவங்ககூடதான் சண்டையாச்சே,” என்றேன் ஒருநாள்.

“சண்ட அவகூடத்தான். தண்ணி என்னட்டி செஞ்சது? அவ வர்றதுக்குள்ள நின்னு போயிரும்லா,” என்றாள் அம்மா, நான் ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டுவிட்டதுபோல்.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, ஒத்திகையில் அந்த இடம் வந்தது. நான் திரும்பி நின்றேன். கண்ணை மூடினேன். முன்பெல்லாம் மூடியவுடன் விழுந்துவிடுவேன். அன்று ஒரு கணம் தயங்கினேன். பிடிப்பாளா என்று முதல்முறையாக ஒரு கேள்வி வந்தது. பிடிக்காமல் இருக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாய்ந்தேன்.

நேராகத் தரைக்குப் போனேன். மொசைக் தரையில் தலை மோதிய சத்தம் பாட்டைவிடப் பலமாகக் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது மேதா எனக்கு மேலே குனிந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கைகள் இரண்டும் நீட்டியபடியே இருந்தன. வேண்டுமென்று விட்டாளா, நான் தயங்கியதில் நேரம் தப்பிவிட்டதா, எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். ஆன்ட்டி ஓடிவந்து ஐஸ் வைத்தார். நான் அழவில்லை. அழுதால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள்தான் அழுதாள். ஆனால் பேசவில்லை.

வீட்டுக்குப் போனதும் அம்மா தலையில் புடைத்திருந்ததைத் தொட்டுப் பார்த்துப் பதறிப்போனாள். “எப்படிட்டி விழுந்த? அவ தள்ளிவிட்டாளா?”

கதவு திறந்திருந்தது. எதிர்க்கதவு அரைவாசி திறந்து, அதன் பின்னால் மேதாவின் ஒற்றைச் சடை தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டான்ஸும் கிடையாது, மேதாவும் கிடையாது, அந்தப் பாட்டே கிடையாது. சொல்லிவிடவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“மாடிப்படில ஈரம்மா. வழுக்கிட்டு,” என்று வந்தது.

சடை மறைந்தது. அதற்கடுத்த நாள் ஒத்திகையில் அவள் நகம் பதியவில்லை. நானும் காலை மிதிக்கவில்லை. ஆனால் விழுகிற இடம் வந்ததும் என் உடம்பு தானாக இடுப்பில் மடங்கிவிட்டது. ஆன்ட்டி, “பரவாயில்லை, பாதி சாய்ந்தால் போதும்,” என்று சொல்லிவிட்டார். நிகழ்ச்சி நாள்வரை பாதிதான் சாய்ந்தேன். பாதி சாய்கிறவளைப் பிடிப்பதில் மேதாவுக்கு எந்த வேலையும் இருக்கவில்லை.

கணபதி விழாவின் ஐந்தாம் நாள் வந்தது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தகரக்கொட்டகை போட்டு, மேடையின் ஓரத்தில் கணபதி உட்கார்ந்திருந்தார். மழை தகரத்தில் தூறிக்கொண்டிருந்தது. பரிசு கொடுக்க வந்திருந்தவர் பால்வாடியின் தலைமை ஆசிரியை. கண்ணாடி போட்ட, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை கட்டிய அம்மாள். முன்வரிசைக்குப் போகிற வழியில் அவர் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று ஏதோ கேட்டதை நான் மேடைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அம்மா எழுந்து நின்றாள். முதலில் ஒன்றும் விளங்காதவள்போல் விழித்தாள். பிறகு அவள் முகம் என்னவோபோல ஆயிற்று. என்னைப் பற்றி யாரோ ஏதோ புகார் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் விளக்கு நேரே கண்ணில் அடித்தது. எதிரே யாரும் தெரியவில்லை. இருட்டும் இருமலும்தான். பாட்டு ஆரம்பித்தது. ஜீப் ஓட்டுவதுபோல் ஆடினோம், கை கோத்துச் சுற்றினோம். கொட்டகை முழுக்கக் கூடப் பாடியது. அந்தப் பாட்டுத் தெரியாத ஆள் யார் இருந்தார்! விழுகிற இடத்துக்கு இரண்டு வரி முன்னால் நான் திரும்பி நின்று கண்ணை மூடினேன்.

அப்போது பாட்டு ஒரு மாதிரி இழுத்தது. பாடுகிறவர்கள் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் குரல் தடித்து, பிறகு கிறீச்சிட்டு நின்றேபோயிற்று. டேப்ரிக்கார்டர் கேசட்டைத் தின்றுவிட்டது. “அரே, அரே,” என்று யாரோ ஓடுவது கேட்டது. முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. தகரத்தில் மழை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து குரல் வந்தது. கொட்டகைக்கே கேட்கிற மாதிரி உரக்க.

“மீ ஆஹே.”

நான் இருக்கிறேன் என்று அர்த்தம். பத்தொன்பது நாளில் மேதா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறாள். மாவ்ஷியும் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார். இருவருக்கும் இது கேட்டிருக்கும். நான் பதில் சொல்லாமல் பாதி சாய்ந்து எழுந்தால் என்மேல் எந்தக் குற்றமும் இல்லை. இத்தனையும் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. என் காலை முறிப்பதாக அம்மா சொன்னதும் நினைவுக்கு வந்தது.

“நீட் பகட்,” என்று நானும் உரக்கச் சொன்னேன். ஒழுங்காகப் பிடி. சொல்லிவிட்டு முழுசாகச் சாய்ந்தேன்.

பிடித்தாள். அவளும் ஒரு எட்டுப் பின்னால் தடுமாறினாள், ஆனால் பிடித்தாள். கொட்டகையில் எல்லாரும் கைதட்டினார்கள். அவர்கள் தட்டியதையே தாளமாக வைத்துக்கொண்டு மிச்சப் பாட்டை நாங்களே பாடி ஆடினோம். மேதாவுக்குச் சுருதி கிடையாது. எனக்கு இரண்டாவது சரணம் தெரியாது, முதல் சரணத்தையே மறுபடி பாடினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

எங்களுக்கு இரண்டாம் பரிசு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் டிபன் டப்பா. முதல் பரிசு ராஜா வேஷம் போட்ட பையனுக்கு. அவன் மூன்றாம் மாடி ஆன்ட்டியின் மகன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக, நாங்கள் இருவரும் அம்மாக்களைத் தேடினோம். நாற்காலிகளில் அவர்கள் இல்லை. எங்கள் கட்டடத்துப் பக்கமிருந்து இரண்டு பேரும் சேர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். சேர்ந்து! மாவ்ஷியின் கையில் மோதகத் தட்டு. அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. மாவ்ஷியின் கைக்குட்டை அம்மாவிடம் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அம்மா என்னை விட்டுவிட்டு முதலில் மேதாவைத்தான் கட்டிக்கொண்டாள்.

“எப்படிம்மா ஆடினோம்?” என்று கேட்டேன்.

“பிரமாதம்டி,” என்றாள் அம்மா. “பாட்டும் ஆட்டமும் அப்படியே ஒட்டிப்போச்சு.”

“கடைசிவரை ஒரு தாளம்கூடப் பிசகவில்லை. டேப் எவ்வளவு நன்றாக ஒலித்தது!” என்று மாவ்ஷி இந்தியில் சொன்னார்.

நானும் மேதாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டேப் அறுந்துபோனதைச் சொல்லி எங்கள் மனதைப் புண்படுத்த வேண்டாமென்று நினைக்கிறார்கள், எவ்வளவு நல்லவர்கள் என்று எங்களுக்கு நெகிழ்ந்துவிட்டது. நாங்கள் பேசியதற்கும் யாரும் திட்டவில்லை. எங்கள் ஆட்டத்தைப் பார்த்து இரண்டு பேரும் மனம் மாறி அழுது சமாதானமாகிவிட்டார்கள் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. அன்று மோதகம் ஆளுக்கு நாலு தின்றோம்.

அதற்கப்புறம் நடந்தவற்றை நான் தனித்தனியாகத்தான் ஞாபகம் வைத்திருந்தேன். அடுத்த வாரமே அம்மா காலையில் பால்வாடிக்குப் போக ஆரம்பித்தாள். வீட்டில் சும்மா இருக்கப் போரடிக்கிறது போலும் என்று நினைத்தேன். இரண்டு வீட்டு டிரம்மையும் நிரப்பும் வேலை என் தலையில் விழுந்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பன்னிரண்டு வருஷம் போயிற்று. நான் ஹிஞ்சவாடியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. நாங்கள் வாகட்டில் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியிருந்தோம். அலுவலகப் பத்திரிகைக்கு நட்பைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுத எனக்கு விஷயத்துக்கா பஞ்சம்? இரண்டு சிறுமிகள், ஒரு பாட்டு, அதைப் பார்த்து மனம் மாறிய இரண்டு தாய்மார்கள் என்று உருக்கமாக எழுதினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாவ்ஷி வந்திருந்தார். டீ குடித்துக்கொண்டிருந்த இருவர் முன்னாலும் நின்று, எழுதியதை மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன்.

டேப் நின்ற இடம் வந்ததும் அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். “டேப் நின்னுட்டா? எப்போ?”

“என்னம்மா, நீ பாத்தியே!”

அம்மா மாவ்ஷியைப் பார்த்தாள். மாவ்ஷி அம்மாவைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மாவ்ஷி இத்தனை வருஷத்தில் கற்றுக்கொண்ட தமிழில், “நாங்க டான்ஸ் பாக்கலே,” என்றார். “ஒரு ஸ்டெப்கூடப் பாக்கலே.”

பிறகு அம்மாதான் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஊரில் இரண்டு வருஷம் டீச்சராக இருந்தவள். பால்வாடியில் ஓர் இடம் காலியானபோது மாவ்ஷி தலைமை ஆசிரியையிடம் அவளுக்காக மன்றாடி நேர்முகத் தேர்வுக்கு நாள் வாங்கித் தந்திருக்கிறார். அந்த நாளில் அம்மா போகவில்லை. பால்வாடி வாசல்வரை போய்விட்டு, உள்ளே பிள்ளைகள் மராத்தியில் கத்துவதைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

“பாஷையே சரியா வராது, நான் என்னத்தப் போய்ப் பாடம் நடத்த? ஒங்க அப்பா என்ன சொல்லுவாவளோன்னு வேற பயம். கேட்டிருந்தாத்தான? கேக்கவே இல்ல. தாயிக்கு எவ்வளவு அவமானம்! அதான் டர்போக்னு சொன்னா. உண்மையத்தான சொன்னா. உண்மையச் சொன்னதுலதான் எனக்கு அம்புட்டு ஆத்திரம்.”

“அப்புறம் எப்படிச் சமாதானம் ஆச்சு?”

“அந்தப் பெரிய டீச்சரம்மா அன்னைக்குக் கொட்டகைல என்கிட்ட வந்து, ‘காய்ச்சல் எல்லாம் குணமாயிட்டா?’ன்னு கேட்டா. எந்தக் காய்ச்சல்னு நான் முழிக்கேன். ‘டைபாய்டுன்னு ஒங்க தோழி சொன்னாங்களே, ஒங்களுக்காக எடத்த அப்படியே வச்சிருக்கேன், திங்கக்கிழம வாங்க’ன்னுட்டுப் போயிட்டா.”

மாவ்ஷி சிரித்துக்கொண்டே கூரையைப் பார்த்தார். பேசாமல் இருந்த அந்தப் பத்தொன்பது நாளும், தினம் காலையில் பால்வாடிக்குப் போய், அம்மாவுக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று அவர் தலைமை ஆசிரியையிடம் சொல்லிவந்திருக்கிறார். ஒருநாள் குறைந்தது, ஒருநாள் ஏறியது என்று, நம்பும்படியாக.

“நான் எழுந்து தாயியத் தேடிட்டு ஓடினேன்,” என்றாள் அம்மா. “மோதகம் எடுக்க வீட்டுக்குப் போயிருந்தா. படிக்கட்டுலேயே பிடிச்சுட்டேன். அங்ஙனயே உக்காந்து ரெண்டு பேரும் அழுதோம். எப்போ ஒங்க டான்ஸ் வந்துச்சு, எப்போ முடிஞ்சுதுன்னே தெரியாது. ராத்திரி அப்பாகிட்டச் சொன்னேன். என்ன சொல்லப்போறாவளோன்னு நடுங்கிட்டுக் கெடந்தா, ‘அப்ப காலைல எனக்கு டிபன் எத்தன மணிக்கு?’ன்னு அது ஒண்ணுதான் கேட்டாவ.”

அன்றே நாசிக்கிலிருந்த மேதாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அப்போ நம் டான்ஸை அவர்கள் பார்க்கவே இல்லையா?” என்றாள், பதினொரு வயதுக் குரலில்.

இல்லைதான். நான் எழுதிய பக்கத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கவில்லை. அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், இவளிடம் வாய் திறந்தால் காலை முறிப்பாள், முறித்தால் முறிக்கட்டும் என்று நினைத்துத்தான் அன்று மேடையில் நான் மேதாவின் பக்கம் சாய்ந்தேன். என் ஆயுளில் அம்மாவை மீறிய முதல் காரியம் அது. அந்த நேரத்தில் அம்மா, இருநூறு அடி தள்ளி இருட்டான படிக்கட்டில், மேதாவின் அம்மாவுடைய தோளில் சாய்ந்திருந்தாள்.